ஒரு நிமிடத்துக்கு இருபது

வரவேற்புரை தொடங்கி நான்கு நிமிடம் ஆகியிருந்தபோது தில்லைநாயகத்தின் கால்சட்டைப் பைக்குள் செல்போன் ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை. மேடையில் ஐந்து நாற்காலிகள், நடு நாற்காலி அவருடையது. எதிரே நூற்றைம்பது முதலாண்டுப் பிள்ளைகள், எல்லார் மேலும் இன்னும் ஒரு சலவைகூடக் காணாத வெள்ளைக் கோட்டு. இத்தனை கண்களுக்கு முன்னால், அதுவும் மனநலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிற ஒரு மருத்துவப் பேராசிரியர், பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்துப் பார்ப்பது அழகல்ல என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது பொய் என்று தெரிந்தது. அழகும் இல்லை, மரியாதையும் இல்லை. பயம். எடுத்தால் அதில் என்ன எழுதியிருக்குமோ என்ற பயம். பார்க்காதவரை அவருடைய வார்டின் பயிற்சி மருத்துவர் மெர்சி ஜெபக்கனி விடுதி அறையில் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பார்க்காதவரை அந்தக் கதவு எல்லாக் கதவையும் போல ஒரு கதவு. இன்று மதியம் ஒன்றரை மணிக்கு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் தயிர்சாதத்தை வைத்தபோது, யூனிட்டின் உதவிப் பேராசிரியன் சுடலைமுத்து வந்து வாசலில் நின்றான். "சார், மெர்சி ரூம் உள்ள தாழ் போட்டிருக்காம். பக்கத்து ரூம் பிள்ள சாப்பாடு கொண்டுபோயித் தட்டியிருக்கு, திறக்கலயாம். போன் உள்ளயே அடிக்குதாம் சார்." அவர் மென்று விழுங்கினார். "முந்தாநாள்ல இருந்து டூட்டி பாத்தவதானப்பா, தூங்குவா. வார்டன்கிட்டச் சொல்லி இன்னொருக்க தட்டச் சொல்லு. ஃபங்ஷன முடிச்சிட்டு நானே வாரேன்." சொன்னது அவர்தான். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. சுடலைமுத்து ஒரு கணம் கூடுதலாக நின்றான், பிறகு போனான். அவர் தயிர்சாதம் முழுவதையும் சாப்பிட்டார், ஊறுகாயோடு. டப்பாவைக் கழுவிக்கூட வைத்தார். அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

டீன் பேசிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் சாருக்கு அறிமுகம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு விரிவாக அறிமுகம் செய்துகொண்டிருந்தார். பின்னால் திரையில் ‘மருத்துவப் படிப்பு கற்றுத்தரும் வாழ்க்கைப் பாடங்கள்’ என்று பெரிய எழுத்து; அதன் கீழே மாணவர் யாரோ வரைந்த மூளை, மூளையிலிருந்து பச்சை இலைகள் துளிர்த்திருந்தன. மடியில் நான்காக மடித்த தாள் இருந்தது. நான்கு நாளாக எழுதி, அடித்து, திரும்ப எழுதியது. தூக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அதில் முதல் வரி. நேற்றுக் காலை அவர் முன்னால் நின்றபோது மெர்சி கண்மூடி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. தெரியாதா அவருக்கு? டூட்டிப் பட்டியலில் கடைசியில் இருக்கிற கையெழுத்து யாருடையது? மனத்தில் இருப்பதை ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள் என்று இன்னொரு வரி. யாரிடம்? அவர் யாரிடம் சொல்லியிருக்கிறார்? கோமதி தினமும் விளக்கை அணைக்குமுன் "இன்னிக்கு எப்படிங்க இருந்துச்சு" என்று கேட்பாள், அவர் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பார், அவள் விளக்கை அணைத்துவிடுவாள், அவர் மூன்று மணிவரை கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார். இருபத்தாறு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். தாளில் அதற்கும் கீழே ஒரு வரி, அடிக்கோடு போட்டது: தவறு செய்தவரைத் திருத்துங்கள், நொறுக்காதீர்கள். முந்தாநாள் எழுதினார் இதை. எழுதிவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். நேற்றுக் காலை எட்டரை மணிக்கு ஆண்கள் வார்டுக்குள் நுழைந்தபோது இந்தத் தாள் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. நெஞ்சுக்கு மேலே. அந்த வரியோடுதான் உள்ளே போனார்.

பதினேழாம் கட்டில். கொத்தனார், ஐம்பது வயது, நிமோனியா. கட்டிலுக்கு நாலடி தூரத்தில் வரும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து சுருங்குகின்றன, கழுத்து நரம்பு கயிறாக இழுக்கிறது, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். மூச்சு, நிமிடத்துக்கு இருபது. அந்த இருபதை அவருக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்தக் கேஸ் ஷீட்டைப் புரட்டினாலும், மூச்சு என்ற கட்டத்துக்கு நேரே இருபதுதான். நாடி பிடிப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், தெர்மாமீட்டர் வைப்பார்கள். மூச்சை மட்டும் எண்ண மாட்டார்கள். எண்ணுவதற்கு ஒரு முழு நிமிடம் வேண்டும். அதுவும் நோயாளிக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் அவன் மூச்சு மாறிவிடும், ஆகவே நாடி பிடிக்கிற பாவனையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் நெஞ்சுக்குத் திருப்ப வேண்டும். நாற்பத்திரண்டு கட்டில் வார்டில் யாருக்கு இருக்கிறது ஒரு நிமிடம்? ஆகவே இருபது. நாளைக்கு வீட்டுக்குப் போகிறவனுக்கும் இருபது, விடிவதற்குள் போய்ச் சேரப்போகிறவனுக்கும் இருபது. அவர் வாட்சைப் பார்த்தபடி நின்றார். முப்பத்தெட்டு. "மெர்சி, எத்தன எழுதியிருக்க?" "இருபது சார்." "எண்ணினியா?" சுற்றி நின்ற எட்டுப் பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "உன்னத்தாம்மா கேக்கேன். எண்ணினியா?" அவள் நிமிர்ந்து, "இல்ல சார்" என்றாள்.

இல்ல சார். இந்த இடத்தில்தான் நேற்றிலிருந்து மனம் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. வேறு யாராக இருந்தாலும் அப்ப இருபதுதான் சார் இருந்துச்சு என்றிருப்பார்கள். அவரே அப்படித்தான் சொல்லியிருப்பார். இவள் உண்மையைச் சொன்னாள். உண்மையைச் சொன்னவளைத்தான் அவர் வார்டு நடுவில் நிறுத்தினார். கொத்தனாரை உடனே தீவிர சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார். அது சரி, அதில் ஒரு தவறும் இல்லை, அந்த ஆள் இன்று காலை எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டிருக்கிறார். அனுப்பிய பிறகு அவர் வாயைத் திறந்திருக்க வேண்டாம். திறந்தார். "நீ எண்ணாம விட்டது நம்பர இல்ல, ஒரு ஆள" என்றார். சொன்னபோது குரல் தாழ்ந்து, கனமாக, நன்றாக விழுந்தது. விழுந்த கையோடு உள்ளே ஒரு சின்ன சந்தோஷம், எள்ளளவு, ஆனால் இருந்தது: நாளைக்குக் கூட்டத்தில் இதைச் சொல்லலாம். ஒரு பெண் முகம் வெளுத்து நிற்கும்போது அவருக்கு அதுதான் தோன்றியது. "இப்ப எண்ணு. ஒண்ணாம் நம்பர் கட்டில்ல இருந்து. ஒவ்வொருத்தருக்கும் ஒரு முழு நிமிஷம். சத்தமா." அவள் எண்ணினாள். படுத்திருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சிலர் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தோராம் கட்டிலில் எண்ணிக்கை தவறிவிட்டது. பதினாலு என்றவள் மறுபடி பன்னிரண்டு என்றாள், நின்றாள், ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அந்தக் கட்டில்காரனின் மனைவி, கையில் இட்லிப் பொட்டலத்தோடு நின்றவள், "பாவம் சார் அந்தப் பிள்ள, செத்த உக்காரச் சொல்லுங்க" என்றாள். அவர் அந்தம்மாளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தாரே, அதைத்தான் நினைக்க முடியவில்லை. மெர்சியின் வாட்சு முழங்கை வரை சரிந்து சரிந்து இறங்கியது. வாரில் கடைசித் துளைக்கும் அப்பால் புதிதாக ஒரு துளை குத்தியிருந்தாள். அதைப் பார்த்தார். விரல் நுனியில் நடுக்கம் இருந்தது, பார்த்தார். நாலு மாதத்தில் ஏழு எட்டு கிலோ இறங்கியிருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது; தைராய்டா, சர்க்கரையா, சாப்பிடவில்லையா என்று மாணவர்களைக் கேட்கிற மாதிரி தன்னையே கேட்டுக்கொண்டது. வாசலில் நின்றே நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். எல்லாவற்றையும் பார்த்தார். என்னம்மா உனக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு மாதமாக தினமும் காலையில் "என்ன மெர்சி, எப்படி இருக்க?" "நல்லாயிருக்கேன் சார்." அடுத்த கட்டில்.

கைதட்டல். டீன் உட்கார்ந்தார். மாணவர் தலைவன் ஒருவன் வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினான். ஜரிகை கழுத்தில் அரித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கோட்டுப் பையில் பேனா செருகியிருந்தாள், பேனா மெல்ல ஏறி இறங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது. எங்கே உட்கார்ந்தாலும் எண்ணுகிற பழக்கம் இப்போது வந்துவிட்டது; வேண்டாத இடத்தில் எல்லாம் வருகிறது. தன் மூச்சை எண்ணப் பார்த்தார். முடியவில்லை. கவனித்த உடனே அது தானாக நடப்பதை நிறுத்திவிட்டு, இழுக்கவா விடவா என்று அவரைக் கேட்டுக்கொண்டு நின்றது. நெஞ்சு இறுகியது. இது ஹார்ட் இல்லை, எனக்குத் தெரியும், இது ஹார்ட் இல்லை. அவளுக்கு உடன்குடிப் பக்கம். அப்பா பஸ் கண்டக்டர். சேர்ந்த அன்று மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு அவர் அறை வாசலில் நின்று, "சார், கண்டிச்சு வளருங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று கும்பிட்டார். அந்த மனிதருக்கு போன் செய்ய வேண்டி வந்தால் யார் செய்வது? என்ன சொல்லித் தொடங்குவது? வணக்கம், நான் தில்லைநாயகம் பேசுறேன் என்றா? நிறுத்து. நிறுத்து. அவளுக்குக் காய்ச்சல். காலை ஏழு பத்துக்கு அவளே அனுப்பினாள்: ‘சார், காய்ச்சலாக இருக்கிறது. இன்று வர இயலாது. மன்னிக்கவும்.’ அவர் பல் தேய்த்துக்கொண்டே பார்த்து, கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். ஒரு கட்டைவிரல். மஞ்சள் நிறம்.

காய்ச்சல் என்றால் என்ன என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்பு இதே கல்லூரியில், இதே வார்டில், அவரும் ஒரு இருபது எழுதினார். சீஃப் ராமபத்ரன் பிடித்துவிட்டார். அன்றைக்கு அறுபது கட்டில். தில்லைநாயகம் அறுபது கட்டிலையும் எண்ணினார், சத்தமாக, எல்லார் முன்னாலும். அந்தக் கதையை அவர் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார்! ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வார். ‘அன்றிலிருந்து ஒரு மூச்சைக்கூட நான் எண்ணாமல் எழுதியதில்லை’ என்று முடிப்பார், அரங்கம் தட்டும். இன்றும் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறார். பொய். எல்லாம் பொய். அடுத்த வாரமே எண்ணுவதை விட்டுவிட்டார். இருபது மட்டும் எழுதவில்லை, அவ்வளவுதான் அவர் கற்றுக்கொண்டது. பதினெட்டு என்று எழுதினார், அடுத்த கட்டிலுக்கு இருபத்திரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. எண்ணின மாதிரியே இருக்கும். சீஃப் ஒருநாள் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இப்பதாண்டா நீ டாக்டர்" என்று முதுகில் தட்டினார். அறுபது கட்டிலுக்கும் அந்தத் தட்டலுக்கும் நடுவில் மூன்று நாள் இருக்கிறது. அதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. கோமதிக்கும் தெரியாது. எண்ணி முடித்த அன்று விடுதிக்குப் போய் அறையைத் தாழ்போட்டவர் மூன்று நாள் திறக்கவில்லை. லீவு லெட்டரைக் கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளினார்: காய்ச்சல். சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இனி நான் வெளியே போகாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற நினைப்பு முதல் நாள் ஒரு ஓரமாக வந்து நின்றது, இரண்டாம் நாள் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தது, மூன்றாம் நாள் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. வராந்தாவில் ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்கும். செருப்பு கதவுக்கு நேராக வரும், போகும். ஒருத்தன் தட்டினால் போதும் என்று இருந்தது. தட்டினால் திறந்திருப்பாரா? தெரியவில்லை. ஆனால் தட்டியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் மாலை தண்ணீர் தீர்ந்துபோனதால் வெளியே வந்தார். தண்ணீர் தீராமல் இருந்திருந்தால்? எதிர் அறைக்காரன் அவரைப் பார்த்து, "என்னடே, காய்ச்சல் விட்டுச்சா" என்றான். "விட்டுட்டு" என்றார். அத்தோடு முடிந்தது. அதை மறந்துவிட்டதாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். மறந்தவன் எப்படி அதே தண்டனையை, அதே வார்த்தைகளில், சத்தமா என்பது உட்பட, எடுத்து இன்னொரு பிள்ளையின் தலையில் இறக்குவான்? மறக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்து கொடுத்திருக்கிறார்.

போன் மறுபடி அதிர்ந்தது. கை அவரைக் கேட்காமலே பைக்குள் போயிற்று. மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். சுடலைமுத்துவிடமிருந்து இரண்டு செய்திகள். ‘சார், வார்டன் தட்டிக்கொண்டே இருக்கிறார். பதில் இல்லை.’ அது முதலாவது. அவர் பார்க்காமல் வைத்திருந்த அது. இருபத்திரண்டு நிமிடம் அவர் தொடைமேல் கிடந்திருக்கிறது. இரண்டாவது: ‘சார், பேசிவிட்டாள். உள்ளிருந்து குரல் கொடுத்தாள். தூங்க வேண்டுமாம். எல்லாம் நார்மல். கதவு மட்டும் திறக்கவில்லை. நீங்கள் நிதானமாக வாருங்கள்.’ உடம்பெல்லாம் ஒருமுறை வியர்த்துக் குளிர்ந்தது. இருக்கிறாள். இருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் டீன் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார், அவரும் புன்னகைத்தார். அப்பாடா. இனிப் பேசிவிடலாம். இருபது நிமிடம் பேசிவிட்டு நிதானமாகப் போகலாம். "இப்போது நமது சிறப்பு விருந்தினர்..." என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. எழுந்தார். நாலு எட்டு வைத்து மைக் முன்னால் போனார், தாளைப் பிரித்தார். எல்லாம் நார்மல். யார் எண்ணியது? எல்லாம் நார்மல், கதவு மட்டும் திறக்கவில்லை. பதினேழாம் கட்டிலுக்கும் அப்படித்தானே எழுதியிருந்தது. "என் அன்புக்குரிய மாணவச் செல்வங்களே" என்றார். நூற்றைம்பது முகம். "இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க சீஃப் என்னை..." அங்கே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு பையன் எழுதுவதற்குப் பேனாவைத் தயாராக வைத்திருந்தான். இதை எழுதிக்கொள்வான். அறுபது கட்டில், நல்ல பாடம் என்று எழுதிக்கொண்டு, இன்னும் இருபது வருஷம் கழித்து யாரையாவது நிறுத்தி வைத்து எண்ணச் சொல்வான். "மன்னிக்கணும்" என்றார். "ஒரு பேஷண்டப் பாக்கணும். முதல்லயே போயிருக்கணும்." மேடைப் படியில் இறங்கினார். பின்னால் டீன், "சார், சார், எமர்ஜென்சியா?" என்றது கேட்டது.

வெளியே வெயில் கண்ணை அடித்தது. அரங்கத்துக்கும் பெண்கள் விடுதிக்கும் நடுவில் கேன்டீன், ரத்த வங்கி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. ஓடலாமா என்று நினைத்தார். இந்த வளாகத்தில் பேராசிரியர்கள் ஓடி யாரும் பார்த்ததில்லை. வேகமாக நடந்தார், பிறகு ஓடினார். எதிரே வந்த நர்ஸ்கள் ஒதுங்கி நின்றார்கள். இருபத்திரண்டு நிமிடம். ஒன்றரை மணியிலிருந்து கணக்கு வைத்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஏழு பத்திலிருந்து கணக்கு வைத்தால்? நாலு மாதத்திலிருந்து? விடுதி வாசலில் சுடலைமுத்து நின்றான். "என்னய மேல விட மாட்டேங்காங்க சார். ஆம்பளைங்க ஏறக் கூடாதாம்." வார்டன் ஜெயசீலி அம்மாள் சாவிக்கொத்தோடு எழுந்தார். "அதான் பேசிட்டாளே சார், பிள்ள தூங்கட்டுமே. ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு..." "அம்மா, கையெழுத்து நூறு போடுறேன். முன்னால நடங்க" என்றார். அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார், முன்னால் நடந்தார். இரண்டாம் மாடி. கொடியில் வெள்ளைக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. கடைசிக் கதவு. அதன் முன்னால் எவர்சில்வர் தட்டு ஒன்று, மேலே இன்னொரு தட்டால் மூடியது; விளிம்பில் எறும்பு வரிசை.

"மெர்சி" என்றார். மூச்சு வாங்கியது. "மெர்சி, நான் தில்லைநாயகம்." உள்ளே ஏதோ நகர்ந்தது. எங்கோ தூரத்தில் இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் கீழே, தரையை ஒட்டி. "சார்?" தொண்டை கட்டிய குரல். "நீங்க எதுக்கு சார் மேல வந்தீங்க? ஒண்ணுமில்ல சார். காய்ச்சல்தான்." பிறகு, "ஃபங்ஷன் இருந்துச்சே சார்" என்றாள். "விட்டுட்டு வந்துட்டேன்." "சாரி சார்." "நீ எதுக்கும்மா சாரி சொல்ற?" அவர் தரையில் உட்கார்ந்தார். கதவில் முதுகு சாய்த்தபோதுதான் பொன்னாடை இன்னும் தோளில் இருப்பது தெரிந்தது. உருவிச் சுருட்டிப் பக்கத்தில் போட்டார். இனி என்ன பேசுவது? தாளில் இருந்த ஒரு வரியாவது இங்கே உதவுமா என்று தேடினார். ஒன்றும் இல்லை. ஜெயசீலி அம்மாள் நாலடி தள்ளி நின்றார், ஜெபம் செய்கிறார் போல உதடு அசைந்தது. "மெர்சி, எங்க சீஃப் அறுபது கட்டில் எண்ண வச்ச கத சொல்லுவேன்ல. அதுக்கப்புறம் எண்ணாம எழுதுனதே இல்லம்பேன்ல. அது பொய்ம்மா. அடுத்த வாரத்துல இருந்து பதினெட்டு, இருபத்திரண்டுன்னு மாத்தி மாத்தி எழுதினேன்." இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்தது, சொன்னதும் வராந்தாவில் ஒன்றும் இடிந்து விழவில்லை. உள்ளே ஒரு சின்னச் சத்தம். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "தெரியும் சார்." "என்ன தெரியும்?" "உங்க தீசிஸ் டிபார்ட்மென்ட் லைப்ரரில இருக்கு சார். கடைசிப் பக்கத்துல நூறு பேஷண்டுக்கும் சார்ட் இருக்குல்ல. மூச்சு எல்லாம் பதினெட்டு, இருபத்திரண்டு, பதினெட்டு, இருபத்திரண்டு. நாங்க எல்லாரும் பாத்துச் சிரிச்சிருக்கோம் சார். சுடலைமுத்து சாரும்."

அவருக்கு முகம் எரிந்தது. எல்லாருக்கும் தெரியும். அவர் கட்டிலருகில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசும்போதெல்லாம் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்றும் தெரிந்திருக்கிறது. "தெரிஞ்சுமா நேத்து எண்ணின?" "எண்ணினேன் சார். நாற்பத்திரண்டும் எண்ணினேன். ஒண்ணுகூட விடல." அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். கோபம் இல்லை, எதுவுமே இல்லை, தண்ணீர் வற்றின குழாய் மாதிரி இருந்தது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அவருடைய குரல்தான் அது, இருபத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது. ‘விட்டுட்டு’ என்று எதிர் அறைக்காரனிடம் சொன்னது. "மெர்சி, அறுபது கட்டில் எண்ணினதுக்கப்புறம் நானும் மூணு நாள் ரூமப் பூட்டிக்கிட்டுக் கிடந்தேன். காய்ச்சல்னு லெட்டர் குடுத்தேன். காய்ச்சல் இல்ல." நிறுத்தினார். "உனக்கும் இல்லதான?" திரும்பிக் கதவைப் பார்த்து உட்கார்ந்தார். "எனக்கு அன்னிக்கு வெளிய வரவே வேண்டாம்னு இருந்துச்சு. வெளியன்னா, ரூமுக்கு வெளிய மட்டும் இல்ல. உனக்கு அப்படி இருக்கா?" இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாளில் யாரிடமும் அவர் கேட்டதில்லை. கேட்டபிறகு வந்த மௌனம் அவ்வளவு நீளமாக இருந்தது. படியில் சுடலைமுத்துவின் தலை தெரிந்தது. சம்மதம் வாங்கி ஏறி வந்திருக்கிறான். "சார், நார்மல்தான?" என்று உதட்டசைவில் கேட்டான். அவர் தலையை இல்லையென்று ஆட்டி, கைகாட்டி அருகில் கூப்பிட்டு, காதோடு சொன்னார்: "மனநலத் துறையில கயல்விழி மேடம் இருப்பாங்க. ஓபில இருந்தாலும் கையோட கூட்டிட்டு வா. போற வழியில ஆசாரிய வரச்சொல்லி கீழ நிறுத்து. அவ அப்பா நம்பர் ஆபீஸ்ல இருக்கும், எடுத்து வை, நான் பேசுறேன். ஓடு." அவன் ஓடினான்.

"கதவத் திறக்கியாம்மா?" "வேண்டாம் சார்." "சரி. நீயா திறந்தாலும் சரி, கொஞ்ச நேரத்துல ஆசாரி வந்து திறந்தாலும் சரி. ஒளிச்சுச் சொல்லல, அப்படியே சொல்றேன். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். எனக்காக ஒண்ணு செய். உன் மூச்ச எண்ணு. ஒரு முழு நிமிஷம். நான் வாட்ச் பாக்கேன்." ஏன் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை. அறுபது நொடியாவது அவள் இங்கே, இந்த உலகத்தில், ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள் என்று தோன்றியிருக்கலாம். அல்லது இவ்வளவு படித்தும் இதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். "ஆரம்பி" என்றார். நொடி முள் நகர்ந்தது. கதவின் அடியிடுக்கில் காதை வைத்தார். முதலில் தன் இதயம்தான் கேட்டது. பிறகு அது. உள்ளே இழுக்கிறாள், பாதியில் அறுகிறது, இரண்டு மூன்றாக உடைந்து வெளியே வருகிறது, ஈரமாக, வேகமாக, நாய்க்குட்டி இரைக்கிற மாதிரி. எட்டு, ஒன்பது, பதினொன்று, அவருக்குத் தவறிவிட்டது. மறுபடி பிடித்தார். எறும்பு வரிசை தட்டைச் சுற்றி அவர் கையருகே வந்தது. நொடி முள் மேலே ஏறி முழு வட்டம் முடித்தது. "எத்தன மெர்சி?"

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அந்தக் குரல், ரவுண்ட்ஸில் பதில் சொல்கிற அதே குரல், ஒழுங்காக, மரியாதையாக.

"இருபது சார்."

அவர் எழுந்திருக்கவில்லை. இந்த எண்ணுக்கு எத்தனை முறை தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறார். "இல்லம்மா" என்றார், கதவிடுக்கில் வாயை வைத்து. "இருபது இல்ல. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். மறுபடி எண்ணு. எத்தன நேரமானாலும் சரி, நான் போகல." வாட்சைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே தரையில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுபட்டு, நின்றது. அவர் விரல் ஒன்றை மடக்கினார். அடுத்ததற்காகக் காத்திருந்தார்.